சந்தனத் தலையைத் தொட்டுப் பார்க்காதீர்கள்

வேலையிலிருந்து நிற்கிறவர்கள், புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இந்த ஆஸ்பத்திரியில் நம் டாக்டர் பிடிவாதமாக நடத்தி வரும் ஏற்பாடு. எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். எனக்கு ஒரு முடி கூட நரைக்கவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை, ரயில்வேயில் இருக்கும் கணவருக்குக் குண்டக்கல்லுக்கு மாற்றல். அவ்வளவுதான் நான் ஓய்வு பெறும் கதை. இந்த வயதில் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசித்து இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதையும் கிழிப்பதற்குள் டாக்டரிடம் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.

கட்டுப் போடுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். ஒரு குழந்தைக்கு மார்ச்சளி கட்டி, அதற்குள் கிருமி புகுந்து, நுரையீரலின் அடிப்பாகம் அடைபட்டுப் போனால் என்னென்ன அடையாளம் தெரியும் என்பதையும் படித்துப் பரீட்சையில் எழுதித்தான் நான் திருத்தணிக்கு வந்தேன். ஆனால் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவில் அந்த அடையாளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது. பெனிசிலின் என்ற பெயர் பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தது. மருந்து வந்து சேரவில்லை. எங்களிடம் இருந்தது சல்பா மாத்திரைதான். அதையே பெரிய வரமாக நினைத்தோம். அதற்கு முந்தைய தலைமுறை நர்ஸ்களுக்கு நிமோனியாக் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் நமக்கு ஓலைப் பந்தல் போடுவார்கள். நீங்களும் அங்கேதான் உட்காரப் போகிறீர்கள். பந்தலுக்கு எதிரே நாவிதர்கள் சவரக் கத்தியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மொட்டை அடித்து, பொய்கையில் முழுக்கி, தலை நிறையச் சந்தனம் பூசி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறுவார்கள். அன்று பந்தலுக்கு வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சந்தனத் தலையோடுதான் வருவார்கள்.

நம் ஊரில் காய்ச்சல் பார்க்கத் தெரியாதவர்கள் கிடையாது. நெற்றியிலும் உச்சந்தலையிலும் கையை வைத்தால் முடிந்தது. அன்றைக்கும் பந்தல் வாசலில் நின்ற தொண்டர்கள் அதைத்தான் செய்தார்கள். கையை வைப்பார்கள். தலை ஜில்லென்று இருக்கும். "ஒண்ணும் இல்லம்மா, சாமி பாத்துக்குவாரு, போ போ" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தண்ணீரில் முக்கியெடுத்து ஈரச் சந்தனம் அப்பிய தலை வேறு எப்படி இருக்கும்? உள்ளே அடுப்பு எரிந்தாலும் மேலே ஜில்லென்றுதான் இருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், பெற்றவளுக்கும் அதே கைதான். முந்தின நாள் கொதித்த தலை இன்று குளிர்ந்திருந்தால் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அவள் கோயில் திசை பார்த்துக் கும்பிட்டுவிடுவாள்.

அன்று மத்தியானம் படியில் காவடி எடுத்துப் போன ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொல்ல, டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார். பந்தலில் நானும் கம்பவுண்டரும் மட்டும். அப்போதுதான் லட்சுமி வந்தாள். பொதட்டூர்பேட்டையில் தறி போடுகிற குடும்பம். வயது இருபது இருக்கலாம். அவள் பிள்ளைக்காக வரவில்லை. வெறுங்காலில் நடந்து வந்து உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொள்ள வந்தாள். தோளில் சந்தனத் தலையோடு ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் கட்டுங்கக்கா. எங்க ஊட்டுக்காரு காவடியோட மேல போய்கினு கீறாரு. பாவா வெளிய நின்னு கத்துவாரு."

பாவா என்று அவள் சொன்னது அவளுடைய அக்காள் கணவரை. அவர் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தார். "லச்சுமி! காலுக்கு மருதாணியா வெக்கிற அங்க? காவடி பாதி மலை ஏறிடுச்சு!"

நான் கீழே மண்டியிட்டு அவள் காலைக் கையில் எடுத்தேன். அவள் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அதனால்தான் பிள்ளையின் வயிறு என் கண்ணுக்கு நேராக வந்தது. அவன் மேல் போர்த்தியிருந்த புடவைத் தலைப்பு படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் காற்றே இல்லை.

"ஏம்மா, பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நேத்து காய்ச்சல் அடிச்சுதுக்கா. இருமல். மொட்டை போட்டு முழுக்கினதும் ஆறிடுச்சு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். தலை ஜில்லென்று இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று காலையில் என் மகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போது அவளுக்கு இன்னும் நடை வரவில்லை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் முதுகில் காதை வைத்து வைத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன். அந்த அம்மாள், "நீ இப்படிக் காது வெச்சுகினே இருந்தா, புள்ளைக்கு முதுகுல கொப்புளம் வந்துடும். போ" என்று விரட்டினாள். அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு வந்தவள் நான். இப்போது லட்சுமியின் பிள்ளையிடம் நான் பார்ப்பது இவன் நோயையா, என் வீட்டுப் பயத்தையா? எனக்கே தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால்? ஒரு குடும்பம் நேர்ந்துகொண்டு வந்திருக்கிறது. புருஷன் காவடியோடு மேலே போய்க்கொண்டிருக்கிறான். வேண்டுதலைக் கெடுத்த பாவம் யாருக்கு? சொல்லாமல் விட்டுவிட்டால்?

பயமா உண்மையா என்று தெரியாதபோது பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் எங்கும் படித்ததில்லை. அந்த நிமிஷத்தில் வந்தது. வரிசையில் கே.ஜி.கண்டிகைப் பெண் ஒருத்தி கண் பீளைக்கு மருந்து வாங்கக் காத்திருந்தாள். அவள் மடியிலும் அதே வயதில் ஒரு மொட்டை, அதே சந்தனம், அதே தூக்கம்.

"ஏம்மா, உன் பிள்ளையைக் கொஞ்சம் இந்தப் பாயில் படுக்க வை."

"எதுக்கு? எம்புள்ளை இன்னா கண்காட்சியா?"

"ஒரு நிமிஷம்மா. சட்டையைக் கழற்றி வை."

"கண்ணுக்கு மருந்து கேட்டா சட்டைய கழட்டச் சொல்றாங்க, இன்னா ஆஸ்பத்திரி இது" என்று முனகிக்கொண்டே படுக்க வைத்தாள். லட்சுமியின் பிள்ளையை நான் வாங்கிப் பக்கத்தில், தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தேன். தலைப்பை விலக்கினேன். இரண்டு வயிறும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன.

கண்டிகைப் பிள்ளையின் வயிறு நிதானமாக மேலே வந்தது, நிதானமாக இறங்கியது. அது ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள் லட்சுமியின் பிள்ளைக்கு வயிறு பாய்ந்து பாய்ந்து அடித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கின.

முதலில் வாய் திறந்தது கண்டிகைக்காரிதான். "அய்யய்யோ! ஓடி வந்த கன்னுக்குட்டி கணக்கா வாங்குதே இது! தூங்கற புள்ள ஏன் இப்படி ஓடுது?"

அவ்வளவுதான், என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. பார்ப்பது நான் மட்டும் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். இது என் வீட்டுப் பயமில்லை!

கத்திக்கொண்டே உள்ளே வந்த பாவா பாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சத்தத்தை நிறுத்தினார். குனிந்தார். அந்தப் பள்ளத்தில் மெதுவாக ஒரு விரலை வைத்தார். விரல் பிள்ளையின் மூச்சோடு உள்ளே போய் வெளியே வந்தது.

"இன்னாங்க இது, குழி?"

"நெஞ்சுக்குள்ளே அடிப்பாகத்திலே சளி கட்டிக் கிருமி புகுந்திருக்குங்க. காத்து உள்ளே போகலை. பிள்ளை பலம் கொண்ட மட்டும் இழுக்கிறான். அதான் பள்ளம் விழுது. தலையிலே சந்தனம் இருக்கிறதாலே சூடு தெரியலை." அக்குளில் வெப்பமானியை வைத்து எடுத்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அக்குளில் கை வைத்துப் பார்க்கச் சொன்னபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"செரி, ஒண்ணு பண்றேன். நான் தோள்ல போட்டுகினு ஓடறேன். சாமிகிட்ட மூஞ்ச காட்டிட்டு அதே ஓட்டத்துல இட்டாந்துட்றேன். காவடியோட புள்ள மேல வரணும்னு வேண்டுதல். பாதியில நிறுத்தினா குத்தம் ஆயிடும்."

"ஏத்த முடியாதுங்க. இவன் இங்கே படுத்திருக்கும்போதே ஓடிக்கிட்டிருக்கான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. லட்சுமியைப் பார்த்தார். நானும் லட்சுமியைத்தான் பார்த்தேன். புருஷன் மேலே இருக்கிறான், கேட்க முடியாது. மூத்தவர் எதிரே நிற்கிறார், மீற முடியாது. அவளிடம் அதுவரை யாரும் எதையும் தீர்மானிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாக மூடிக்கொண்டேன். அவள் குனிந்து இரண்டு பிள்ளைகளின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவா, முடி குடுத்தாச்சு. மூஞ்சி காட்டறதுதான பாக்கி? புள்ள எழுந்ததும் காட்டலாம். சாமி அங்கதான் கீறாரு, எங்கயும் எழுந்து போவ மாட்டாரு. இவன் போயிட்டா யார் மூஞ்சிய காட்டுவ?"

பாவா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "டாக்டர் எந்தப் படியில கீறாரு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு ஓடினார். மலையேறும் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு அவர் படியில் ஓடியதை இப்போதும் நினைத்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

அடுத்தது கம்பவுண்டர். மருந்துப் பெட்டியின் சாவி அவரிடம்.

"டாக்டர் எழுதாம சல்பா எடுக்க மாட்டேம்மா. சட்டம்."

"டாக்டர் வர எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. இப்போ கொடுத்து, அவர் வந்து வேண்டாம்னு சொன்னா ஒரு மாத்திரை வீண். கொடுக்காம இருந்து, அவர் வந்து ஏன் கொடுக்கலைன்னு கேட்டா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எப்பவும் ஒண்ணுக்கு மூணு தரம் சந்தேகம் கேக்கற பொண்ணு. இன்னிக்கு இன்னா ஆச்சு உனக்கு? டாக்டர் கேட்டா நீதான் கேட்டன்னு சொல்லுவேன். என்ன மாட்டி வுட்டுறாத."

"சொல்லுங்க சார். நானே சொல்றேன்."

பெட்டி திறந்தது. மாத்திரையைக் கையில் வாங்கியவுடன் என் தைரியமெல்லாம் எங்கே போயிற்றோ! இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு முழு மாத்திரையா? சிறுநீரகத்தில் தங்கிவிட்டால்? நான் அதை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் பாலாடையால் துளித் துளியாக விட்டேன். அந்த மாதிரி வாங்குகிற பிள்ளைக்கு மொத்தமாக ஊற்றினால் புரையேறிவிடும். லட்சுமி தொண்டையைத் தடவிக்கொண்டே, "முழுங்குடா நைனா, முழுங்குடா ராசா" என்றாள். முழுங்கினான். பிறகு வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கண்டிகைக்காரி தன் பிள்ளையின் கண்ணை மறந்துவிட்டு விசிற உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் பாவா, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி. டாக்டர் குழாயை வைத்து முதுகில் கேட்டார், பக்கவாட்டில் கேட்டார், மறுபடி முதுகில். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வலது பக்கம் அடியிலே முழுக்க இருக்கு. சல்பா கொடுத்தியா?"

"கொடுத்தேன் சார். கம்பவுண்டர் மேலே தப்பில்லை, நான்தான்..."

"எவ்வளவு?"

"பாதி சார்."

"இன்னொரு பாதி எங்கே?"

காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைக் காட்டினேன்.

"பயத்தைப் பாதியாக்க மருந்தைப் பாதியாக்கினியா? கிருமிக்கு நீ பயப்படறது தெரிஞ்சா அது சந்தோஷப்படும். கொடு, இப்பவே."

புதிதாக வந்திருக்கும் பெண்களே, இதை எனக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானிக்கிற வரைக்கும் எத்தனை தரம் வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். அது நல்லது. எனக்கு அதில் வெட்கமே இல்லை. ஆனால் தீர்மானித்த பிறகு சந்தேகத்தை மருந்தில் கலக்காதீர்கள். பாதி மருந்து கிருமியைக் கொல்லாது, அதை மருந்துக்குப் பழக்கப்படுத்திவிடும்.

மாட்டு வண்டியில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலம் அவன் அப்பா காவடி இறக்கிவிட்டு நேரே ஓடி வந்தான். உடம்பெல்லாம் திருநீறு. என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னைக் கேக்காம எதுக்கு நிறுத்தின?" என்று அவன் லட்சுமியைக் கேட்பான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவன் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தான். பாவா அவன் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். அவன் விரலை எடுக்காமலே லட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் வீட்டுக்குப் போனேன். என் மகள் பக்கத்து வீட்டு அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மூக்கு மட்டும் ஒழுகிற்று. அன்று என் பயம் இரண்டு பிள்ளைகள் மேல் இருந்தது; ஒன்றில் சரி, ஒன்றில் தப்பு. இரண்டும் ஒரே மாதிரிதான் நெஞ்சை அடைத்தன. சரியான பயம் எது என்று பயத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பிள்ளையின் சட்டையைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

இரண்டு நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆகா, அந்தக் காலை! இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தவன் நடக்க ஆரம்பித்த மாதிரி மூச்சு தணிந்திருந்தது. பால் கேட்டான். கேட்டது கிடைக்கத் தாமதமானதும் தம்ளரைத் தட்டிவிட்டான். கம்பவுண்டர் சட்டையெல்லாம் பால். "பொழச்சுட்டான், ரவுடி" என்று துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிய நாள்தான் இந்த நோயில் இரண்டாவது ஆபத்து. பாவா மூட்டையைக் கட்டிவிட்டார். "அதான் ஆறிடுச்சே. இந்தத் தபா சந்தனம் இல்ல, நெசமாவே ஆறிடுச்சு. மலைக்குப் போய்ட்டு ஊரு போய்ச் சேர்றோம், தறி சும்மா கெடக்குது."

மாத்திரையை இன்னும் சில நாள் கொடுத்தாக வேண்டும், நடுவில் நிறுத்தினால் அடங்கிய கிருமி மறுபடி எழும் என்று நான் விளக்கினேன். படித்த பாஷையில் விளக்கினேன் போலிருக்கிறது. அவர் மூட்டையை அவிழ்க்கவில்லை. லட்சுமிதான் எழுந்து வந்து அவர் கையிலிருந்து மூட்டையை வாங்கினாள்.

"பாவா, புடவைக்கு முந்தி மட்டும் நெய்ஞ்சாச்சுன்னு தறியில இருந்து அறுத்துகினு போவியா?"

"அது எப்படி, பாதிப் புடவைய..."

"ஆங். அப்ப குந்து."

குந்தினார். இன்றுவரை மாத்திரையை நிறுத்தப் பார்க்கும் நெசவுக் குடும்பங்களிடம் நான் அதைத்தான் சொல்கிறேன். உழவு வேலைக்குப் போகிறவர்களிடம் பாதிப் பாத்தி பாய்ச்சிவிட்டு மடையை அடைப்பீர்களா என்று கேட்கிறேன். நீங்கள் வருகிறவர்களின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் அவர்கள் கையிலேயே இருக்கும்.

மாத்திரை முடிந்த மறுநாள் காலை அவர்கள் மலைக்குப் புறப்பட்டார்கள். கூட்டமெல்லாம் கலைந்து படிகள் காலியாகக் கிடந்தன. பிள்ளையை லட்சுமி தூக்கக் கூடாது, அவன் அப்பாவும் தூக்கக் கூடாது, தானேதான் தூக்குவேன் என்று பாவா அடம்பிடித்துத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பத்திரங்க, காத்துப் படாம போர்த்திக்கிட்டுப் போங்க, பிள்ளை மேலே பொய்கைத் தண்ணியைத் தெளிக்காதீங்க" என்று நான் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். தெருவில் இறங்கியும் சொன்னேன். லட்சுமி திரும்பி, "அக்கா, நீங்களும் வந்துடுங்களேன், வழி முழுக்கச் சொல்லிகினே வரலாம்" என்றாள்.

உச்சி வேளைக்குத் திரும்பி வந்தார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். பாவா ஆஸ்பத்திரிப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். நாக்குத் தள்ளியது. வேர்வை கண்ணில் வழிந்தது. தோளில் குமரேசன் (பிள்ளைக்கு அதுதான் பெயர்) அவர் தலையை மேளமாக்கி இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

பாவா சட்டையைத் தூக்கினார். "சிஸ்டர்... எனுக்கும்... கொஞ்சம் பாருங்க. விலாக்குக் கீழ... குழி வுழுதான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். கம்பவுண்டர், "உனக்கு வுழறது பள்ளமில்ல, தொந்தி" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி, படியில் பாவாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் சட்டையையும் தூக்கினேன். பாவாவின் வயிறு பாய்ந்து பாய்ந்து அடித்தது. பக்கத்தில் அந்தச் சின்ன வயிறு நிதானமாக மேலே வந்தது, நிதானமாக இறங்கியது. சரிதானா என்று இன்னொரு தரம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.